தாரை வார்க்க நான்தான் உட்காருவேன்

போன வாரம் குடவாசலில் என் மகள் கல்யாணம். பந்தியில் என்ன போட்டோம் என்று எழுதுவேனென நினைத்தீர்களா? மன்னிக்கவும்... எழுதப்போவது என் சிறுநீர்ப்பையைப் பற்றி.

இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு. எரிச்சல், அடிவயிற்றில் வலி, கால் மணிக்கொரு தடவை பாத்ரூமுக்கு ஓட்டம். டெஸ்ட் எடுத்தால் கிருமியே இல்லை என்று வரும். கிருமி இல்லையா, அப்படியென்றால் உடம்புச் சூடு என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவினேன். எலுமிச்சை ஜூஸைச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். குடிக்கக் குடிக்க எரிந்தது. சூடு தணியவில்லை போலிருக்கிறதே என்று இன்னொரு சொம்பு!

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு நாத்தனார் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. தாரை வார்க்கறப்ப நீங்க பாதியில எழுந்து ஓடுனா நல்லாவா இருக்கும்? நானும் அவரும் உக்காந்துக்கறோம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இருப்பது ஒரே மகள். அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது தண்ணீர் ஊற்ற இன்னொருத்தியா?

மறுநாளே தஞ்சாவூரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்.

"கிருமி இல்லைதாங்க. ஆனா பையோட உள்சுவர் புண்ணாயிருக்கு. உங்க வலி நெஜம்" என்றார்.

அழுதேவிட்டேன். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"என்னல்லாம் குடிக்கறீங்க?"

எலுமிச்சை ஜூஸ் என்றேன், பெருமையாக. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். தினமும் புண்ணில் புளிப்பை ஊற்றியிருக்கிறேன்!

எலுமிச்சை போனது. புளிக்குழம்பு போனது. காபியும் போனது — தஞ்சாவூர்க்காரிக்கு அது லேசான காரியமா? மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, அவசரம் வந்தாலும் கொஞ்சம் பொறுத்துப் போகப் பழகினேன். நோய் அடியோடு போகவில்லை. ஆனால் அடங்கியது.

கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்தேன். ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். பின்னால் நாத்தனார் தயாராக நின்றார்.

"அண்ணி, முடியலைன்னா சொல்லுங்க."

"முடியுது" என்றேன்.

மகள் கையை என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை கையில் வைக்க, நான் தண்ணீர் ஊற்றினேன். மகள் அழுதாள். நான் சிரித்தேன். ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும்?

தாலி ஏறி, அட்சதை போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் எழுந்தேன். ஆமாம், நேராகப் பாத்ரூமுக்குத்தான்... ஆனால் ஓடவில்லை. வழியில் நாலு பேரை "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டே போனேன்!