கழற்றி வைத்த தகடு

அந்தத் தகட்டைக் கழற்றியது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் செம்மண்டலத்தில் அக்கா வீட்டு வாசலில், காருக்கு அடியில் மல்லாந்து படுத்து நான்கு போல்ட்டுகளைக் கழற்றினேன். தகட்டை இழுத்து மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தேன். ஐந்து நிமிட வேலை. அன்று பகல் முழுக்க அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

கார் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஃபைபர் உடம்பு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம், இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பார்க்கப் பாய்கிற மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது சாதாரணக் குடும்பக் காரின் இன்ஜின். புதுச்சேரி ரோட்டில் மீன் ஏற்றிய டெம்போ பின்னால் வந்து ஹாரன் அடித்து வழி கேட்கும். மாமாவுக்கு அது தாங்கவில்லை. இதை விற்றுவிட்டுக் கம்பெனியிலேயே டர்போ வைத்து வரும் புதுக் கார் ஒன்றை வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷோரூமில் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

வேண்டாம், இதிலேயே டர்போ போட்டுத் தருகிறேன் என்று சொன்னவன் நான்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரி கிளீனராகப் போனேன். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் இருந்தேன். பெங்களூரில் கார்களுக்கு டர்போ போடும் ஒரு கேரேஜில் இரண்டு வருஷம். அங்கே என் வேலை லைட் பிடிப்பது, சாமான் கழுவுவது, கூட்டுவது. ராத்திரி லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அட்டை விரித்துப் படுத்துக்கொள்வேன். எங்கே வேலை பார்த்தாலும் நான் செய்த ஏதோ ஒன்று கெட்டுப்போகும். அது வெளியே தெரிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். சின்னப் பைதான், கட்ட நேரம் ஆகாது. அக்கா வீட்டுக்கு வந்து நான்கு மாசம் ஆகியிருந்தது. தம்பி பெங்களூரில் டர்போ வேலை பார்த்தவன் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கம்பெனில போட்டு வர்றதுக்கும் நீ போடறதுக்கும் இன்னா மச்சான் வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல மாமா. அதுவும் டர்போ, இதுவும் டர்போ."

வித்தியாசம் எனக்குத் தெரியும். டர்போ என்பது இன்ஜின் கக்கும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சுற்றில் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சாமான். புகை சூடு. அந்தச் சக்கரம் சுற்றும் இரும்புக் கூடும் பழுக்கிற சூடு. கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்த ஒரு காருக்கு அடியில் பெங்களூரில் படுத்துப் பார்த்திருக்கிறேன். டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. மேலே, பக்கத்தில், கீழே என்று வெள்ளித்தாள் மாதிரி தகடுகளை அச்சு வைத்து அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். தட்டினால் சத்தம் வரவில்லை. இன்ஜினை வரையும்போதே சூடு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் யோசித்தது இடம் பற்றி மட்டும்தான். உடைக்கப்போட்ட டீசல் கார் ஒன்றிலிருந்து டர்போவை எடுத்தேன். டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை சூடு ஜாஸ்தி. தெரிந்தேதான் எடுத்தேன். கிடைத்தது அது. புதுப் புகைக்குழாய் இன்ஜினுக்கு அடியில் இறங்கி வளையவேண்டியிருந்ததால், அடியை மூடியிருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றித் தூக்கிப்போட்டேன். அதற்குப் பதிலாக ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி, குழாய்க்குக் கீழே நான்கு போல்ட்டில் நிறுத்தினேன். சூட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது அந்தத் தகடு ஒன்றுதான்.

பன்னிரண்டு நாளில் கார் ஓடியது. மாமா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, இறங்காமலேயே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஒரே ஒரு குறை சொன்னார். வேகம் எடுத்தால் அடியில் தகடு கடகடவென்று அடித்துக்கொள்கிறது.

மறுநாள் சேத்தியாத்தோப்பில் மாமாவின் தங்கை குழந்தைக்குக் காது குத்து. மாமா ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். "சொந்தக்காரங்க முன்னாடி தகர டப்பா மாரி சத்தம் போட்டுக்கிட்டா போயி எறங்கறது?"

தகட்டை வளைத்து, போல்ட்டுக்கு நடுவில் ரப்பர் மெத்தை கொடுத்து மாட்ட அரை நாள் வேண்டும். கழற்ற ஐந்து நிமிடம். போய்த் திரும்புகிற தூரம்தானே என்று காலையில் கழற்றினேன். மாமா கிளப்பிப் பார்த்தார். சத்தம் இல்லை. என் தோளில் தட்டினார்.

அக்கா பட்டுப்புடவையில் காருக்குள் காலை நீட்டி உட்கார்ந்தாள். படுத்துக்கொண்டே ஊருக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவள் பக்கக் கதவின் உள்கைப்பிடி உடைந்திருந்தது. வெளியிலிருந்துதான் திறக்கவேண்டும். அதையும் சரிசெய்து தருவதாகச் சொல்லி நாள் போயிருந்தது. சீர் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இடம் இல்லாமல் அவள் கைப்பை என்னிடம் வந்தது. நான் அதை பைக்கில் மாட்டிக்கொண்டு பின்னால் கிளம்பினேன்.

நாலு வழிச் சாலையில் கார் என் கண்ணிலிருந்து மறைந்தது. சிதம்பரத்தில்தான் மறுபடி பிடித்தேன். கீழ வீதியில் நிறுத்திவிட்டுப் பூ வாங்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் போனபோதே இரும்பு வெந்த வாசனை. குனிந்து பார்த்தேன். குழாய் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. இரண்டு விரல் தள்ளிப் போன ஒரு ஒயரின் மேல்தோல் இளகித் தொங்கியது. ஒயரை இழுத்துத் தூரமாகக் கட்டினேன். அதற்குள் மாமா வந்துவிட்டார்.

என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். சும்மா என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கார் சிதம்பரத்தில் நிற்கும், காது குத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும், அக்கா என்னைப் பார்ப்பாள். கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

"டர்போ போட்டுட்டு மெதுவா போவ சொல்றான் பாரு ஒன் தம்பி" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளப்பினார்.

கார் மறுபடி கண்ணிலிருந்து மறைந்தது; நான் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புவனகிரியும் தாண்டினேன். அது பங்குனி மாசம். நெல் அறுத்த தாளில் விதைத்த உளுந்தைப் பிடுங்கும் காலம். செடியைக் காய்ந்த நெத்தோடு ரோட்டில் பரப்பிவைத்துவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்தே உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். வருஷா வருஷம் பார்ப்பதுதான். முதல் பரப்பில் பைக்கை ஏற்றியபோது ஒரு கொத்துச் செடி என் கால் வைக்கும் கம்பியில் சுற்றி, சைலன்சரில் பட்டது. கருகிய வாசனை வந்தது. காலால் உதறினேன். உதறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

காருக்கு அடியில் தகடு இல்லை. கார் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.

வண்டியை ஓரம் கட்டி மாமாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜின் போடும் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. அக்காவுக்குப் போட்டேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில், பைக்கில் மாட்டிய கைப்பைக்குள் அவள் போன் பாடியது.

பிறகு ஓட்டிய ஓட்டம் முழுசாக ஞாபகம் இல்லை. அடுத்த பரப்பில் இரண்டு டயர் தடத்துக்கும் நடுவில் செடி வழித்து எடுத்த மாதிரி இல்லாமல் இருந்தது. காரின் வயிறு வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதற்கப்புறம் வெறும் தாரில் அங்கங்கே கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தது. ஒரு கொத்தின் நுனி கருப்பாக இருந்து புகைந்தது. நாமக்கல்லில் ஒரு தடவை வெல்டிங் பொறி பட்டு ஃபைபர் பலகை எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அது மெழுகு மாதிரி சொட்டிச் சொட்டி எரியும். சொட்டு விழுந்த இடமும் எரியும். உள்ளிருந்து திறக்காத கதவு ஞாபகம் வந்தது. அக்காவின் மடியில் இருக்கும் சீர் தட்டு ஞாபகம் வந்தது. நான் ஏதோ வேண்டிக்கொண்டே போனேன். எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

வளைவு திரும்பியதும் வெள்ளைப் புகை. அதற்கு நடுவில் கார்.

நான்கு பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி நீளமான கவைக்கழியை அடியில் விட்டு எரிந்த செடியை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பிளாஸ்டிக் குடத்தால் வாய்க்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அக்கா மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். தட்டு கையில் இல்லை. உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் காலைத் தரையில் ஊன்றினேன்.

நடந்ததை அந்தப் பெண்களே சொன்னார்கள். அடியில் புகைந்துகொண்டே கார் வருவதைப் பார்த்து, கழிகளோடு ரோட்டின் நடுவில் வந்து நின்று மறித்திருக்கிறார்கள். மாமா கோபமாக இறங்கியபோது முன் சக்கரத்துக்குப் பின்னால் தீ நாக்கு தெரிந்திருக்கிறது. ஒருத்திதான் ஓடிப்போய் அக்கா பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்திருக்கிறாள்.

மாமா அதே பெண்களிடம் கத்திக்கொண்டிருந்தார். ரோட்டைக் களமாக்கி வைத்திருக்கிறீர்களா, போலீசுக்குப் போன் போடுகிறேன் என்று கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள்.

"காலைலேந்து எத்தினி வண்டி போயிருக்கும் இதும்மேல. பஸ்ஸு போவுது, காரு போவுது. எதுவும் எரியல. ஒன் வண்டி மட்டும் ஏன்யா எரியுது?"

அங்கே பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் பைக்கின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. அப்படியே நேராகப் போனால் சேத்தியாத்தோப்பு, அதற்கப்பால் விருத்தாசலம், ரயில். இதுவரை எல்லா இடத்திலும் அப்படித்தான் போயிருக்கிறேன். சாவியைத் திருகி நிறுத்தினேன்.

"தகட்ட நான்தான் கழட்டனேன் மாமா. சத்தம் வருதுன்னு. அது இருந்திருந்தா புடிச்சிருக்காது. புடிச்சிருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

மாமா போனைச் சட்டைப்பையில் போட்டார். "சிதம்பரத்துல குனிஞ்சி பாத்தியே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்திச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போய்க் காரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அந்தப் பெண் அவருக்கும் குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

அக்காவிடம் போனேன். அவள் என்னைத் திட்டவில்லை. "கதவு தொறக்கல. கண்ணாடிய தட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அதை இன்னும் ஒரு தடவை சொன்னாள்.

காரை இழுத்துப்போக வண்டி வரும்வரை மாமா அங்கேயே இருப்பது என்றும், அக்கா என்னோடு போவது என்றும் முடிவானது. தாய்மாமன் வராமல் அங்கே காது குத்தமாட்டார்கள்; மாமா வந்து சேரும்வரை அக்காவாவது போய் நிற்கவேண்டும். ஈரப் புடவையோடு என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோளைப் பிடிப்பாள் என்று பார்த்தேன். பின்கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் அடுத்த உளுந்துப் பரப்பு. என் முதுகில் விரலால் தட்டினாள்.

"நிறுத்து. ஆஃப் பண்ணிட்டுத் தள்ளு."

பைக்குக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இறங்கித் தள்ளினேன். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சைலன்சரிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நடந்து வந்தாள். பரப்பு முடிந்ததும் குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினாள்.

சேத்தியாத்தோப்பு போய்ச் சேரும்வரை இன்னும் ஐந்து இடத்தில் உளுந்து காய்ந்தது. ஐந்திலும் இறங்கினாள். ஐந்திலும் தள்ளினேன்.