ஒன்று சொல்லாத களம்

செய்தித்தாள் வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு வருஷம், மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் சிறுவர் வகுப்பு எடுத்தேன். யுத்த காலம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு இருபது வரை எண்ணக் கற்பிக்க வேண்டும். ஆறு மாதமாகியும் அது நடக்கவில்லை. சிலேட்டில் ஒன்று போட்டுக் காட்டினால் குச்சி என்றார்கள். மண் உருண்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால், ஐந்தாவது உருண்டைக்குப் போவதற்குள் முதல் உருண்டை யாருடைய வாயிலோ இருக்கும்.

மார்கழியில் ராகிக் கதிர் களத்துக்கு வந்ததும் வகுப்பு காலியாயிற்று. மாடு ஓட்டவும் குருவி விரட்டவும் பிள்ளைகள் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, தை பிறந்ததும் டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். சிறுவர் வகுப்புக்குத் தனியாக ஓர் ஆசிரியர் தேவையா என்று பார்க்க வருகிறாராம். அதாவது, நான் தேவையா என்று.

பயிற்சிப் பள்ளியில் விளையாட்டு வழிக் கல்வி பற்றி நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தேன். பிள்ளைகள் பள்ளியை விட்டுக் களத்துக்குப் போனால், களத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றியது. முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பெரிய வட்டம் போட்டேன். ஓடை மணல்தான் ராகி, கொட்டாங்கச்சிதான் படி.

"வாத்தியார் வேலைக்கு வந்தீங்களா, களம் அடிக்க வந்தீங்களாங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"கணக்குப் பாடமுங்க."

"சரி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நடத்துங்க."

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் மாடாக இருக்கத்தான் ஆசை. வட்டத்தில் சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டிய மாடுகள் கிணற்றடியில் போய்ப் படுத்துக்கொண்டன. பாட நேரத்தில் பாதி, மாடு பிடிப்பதிலேயே போயிற்று. அளக்கும் வேலையை ஆறு வயதுப் பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை. கொட்டாங்கச்சியில் மணலை அள்ளி அள்ளிப் போட்டு எண்ணினாள்: "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." இருபது வரை பிசகவில்லை. ஒரு வாரத்தில் அத்தனை பேரும் எண்ணினார்கள். ஒன்று மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

தானியம் அளக்கும்போது முதல் படியை லாபம் என்பதுதான் வழக்கம். ஒன்று என்று தொடங்கினால் களம் நிறையாதாம். அது எனக்கும் தெரியும். ஆனால் வருகிறவர் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுன்னு சொல்லும்மா."

"களத்துல அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க சார்."

"இது மணல்."

அவள் குவியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மணல்னு சொல்லிட்டா அப்பறம் எப்பிடிங்க வெளையாடறது?"

அன்று இரவு நோட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். பத்து நாள் கெஞ்சினேன், மிரட்டினேன், வெல்லம் கொடுத்தேன். வெல்லத்தைத் தின்றுவிட்டு லாபம் என்றார்கள்.

தை மாதம் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். நேராக வட்டத்துக்குள் காலை வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. களமுங்க" என்றாள் அந்தப் பெண்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். அவர் வட்டத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அளவை நடந்தது. இருபது முடிந்ததும் கேட்டார்.

"முதல்ல என்னம்மா சொன்னே?"

"லாபமுங்க."

"ஒண்ணு எங்கே போச்சு?"

"அது இங்க வராதுங்க."

"எங்கே, ஒரு தடவை ஒண்ணுன்னு சொல்லு பார்ப்போம்."

அவள் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இன்ஸ்பெக்டர் சற்று யோசித்துவிட்டு, இருபது படியில் கூலிக்கு மூன்று படி போனால் மீதி எவ்வளவு என்று கேட்டார்.

"பதினேழு" என்றது ஒரு மாடு.

"மாடு பேசாது. சும்மா இரு" என்றாள் அவள்.

பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்குக் கழிக்கத் தெரிகிறது, எண்ணத் தெரியவில்லை. ஆடியில் மறுபடி பார்க்கப்படும். அதுவரை ஆசிரியர் இருக்கலாம்.

ஊர்க் களங்களில் போரடிப்பு முடிந்த மறுநாளே முற்றத்தில் என் வட்டத்தையும் பிள்ளைகள் அழித்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாசியில் எல்லார் மடியிலும் புளியங்கொட்டை வந்தது. அந்தப் பெண் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"ஏம்மா, இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன?"

"அன்னைக்குக் களமுங்க சார். இது புளியங்கொட்டைதானுங்க."

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த விஷயத்தை இவர் ஏன் கேட்கிறார் என்பது போலப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நடுவில் நான் பேசியதால் கணக்கு விட்டுப்போயிற்றாம்.

ஆடியில் இன்ஸ்பெக்டர் வந்தார். இருபது பிள்ளைகளும் ஒன்றிலிருந்து இருபது வரை ஒப்பித்தார்கள். களம் விளையாட்டை நிறுத்தியதால் நல்ல முன்னேற்றம் என்று எழுதினார். என் வேலை நிலைத்தது. அதற்குக் கீழேயே, அடுத்த பார்வை தை மாதம் என்று இருந்தது.

அதை மாசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லி மேலே எழுத முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"இன்ஸ்பெக்டர் வரதுக்கும் பருவம் பாக்கணுமாங்க?" என்றார். ஆனால் எழுதினார்.