கலியபெருமாள் கடைசி ரீலை நிறுத்திய கதை

கலியபெருமாளுக்குக் கோபம் வந்தால் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் எந்த பஸ்காரனும் ஹாரன் அடிக்க வேண்டாம், அவன் குரலே போதும். எங்கள் பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிற வேலை. அதைப் பார்த்துக்கொண்டே நாவல் எழுதினான். எட்டாவது வரை படித்தவன். நான் மூன்றாவதோடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன் என்பதால் எனக்கு அவன் கலெக்டர் மாதிரி.

பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே மாத நாவல், திட்டக்குடி போய்ச் சேர்வதற்குள் ரெண்டு படித்து முடித்துவிடலாம், அந்தச் சைசில்தான் எழுதுவான். முதல் நாவல் ‘சூளைக்குள் ஒரு பிணம்’. எண்பத்தொன்பதில் அதைச் சினிமாவாக எடுத்தார்கள். ஏழு பாட்டைச் சேர்த்தார்களே தவிர கொலைகாரனை மாற்றவில்லை. படம் ஓடியது. ஓடியது என்றால் சும்மா இல்லை, கூரை ஒழுகிய கொட்டகையில் ஜனம் குடை பிடித்துக்கொண்டு பார்த்தது.

அதில் கலியபெருமாளுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. சூளைக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தைரியம்.

“மண்ணு ஈரமா இருக்கிறவரைக்கும் எவன் வேணா பிசையலாம் மச்சான். சுட்டு எடுத்துட்டா ஒடைக்கலாம், வேற உருவம் ஆக்க முடியுமா? புஸ்தகம் அச்சாயிட்டா சுட்ட மாதிரி. அதுல எவன் கை வைப்பான்?” என்றான்.

இரண்டாவது நாவலைக் கேட்டு சினிமாக்காரர்கள் ஆறு பக்கக் காகிதம் நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நூற்றிருபது பக்கம் எழுதத் தெரிந்த ராட்சசனுக்கு ஆறு பக்கம் படிக்க வலித்தது.

அந்த நாவல் பெரியம்மாள் கதை. பேர்தான் பெரியம்மாள், வயது முப்பதுதான். பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி ஊறுகாய் ஜாடி செய்வாள். எண்பத்தேழில் ஒருநாள், லாரி காத்துக்கொண்டிருக்கிறது என்று சூப்பர்வைசர் சூளையை ஆறுவதற்கு முன்பே பிரிக்கச் சொன்னான். கதவுச் செங்கல்லை எடுத்தோம். வெளியே இருந்த குளிர்ந்த பச்சைக் காற்று உள்ளே போனது. நானூறு ஜாடியும் கோயில் மணி மாதிரி டிங்டிங் என்று விரிசல் விட்டது. முதலாளி வந்து கேட்டபோது அந்த யோக்கியன் பெரியம்மாளைக் காட்டி, “இவ கை சரியில்லீங்க. ஊத்தறப்பவே கெடுத்துட்டா” என்றான். மண் வேலை செய்கிறவளைப் பார்த்துக் கை சரியில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரனும் வாசலிலேயே நிறுத்திப் பேசுவான்.

இதை எழுதட்டுமா என்று கலியபெருமாள் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்:

“எழுது. எங்கை சரியில்லன்னு ஒருத்தனும் நெனக்கக் கூடாது. அதுக்குத்தான் எழுத வுடறேன்.”

எழுதினான். நாவல் முடிவில் அவள் சூப்பர்வைசரைப் பளாரென்று அறைவாள். நிஜத்தில் அறையவில்லை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்களுக்கு அது சர்க்கரையாக இருந்தது. டீக்கடையில் அந்தப் பக்கத்தை மட்டும் ஒருவன் படிக்க, ஒன்பது பேர் கேட்டோம். பெரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. “கடைசியில நீதான் ஜெயிக்கிற” என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்திருந்தான்.

தொண்ணூற்றொன்றில் படம் வந்தது. எங்கள் ஷிப்டே கிளம்பிப் போய் முதல் காட்சியில் உட்கார்ந்தோம். பெரியம்மாள் புதுப்புடவை கட்டி, நடுவரிசையில்.

கடைசி ரீலில் என்ன நடந்தது தெரியுமா? சூப்பர்வைசர்தான் ஹீரோ! கதாநாயகி அவன் காலில் விழுந்து, “என் கைதான் தப்பு பண்ணிடுச்சு” என்று அழுதாள். அப்படி இப்படி அழுகை இல்லை, மணிமுத்தாற்றில் விட்டிருந்தால் மூன்று போகம் விளைந்திருக்கும். அந்த அயோக்கியன் பெரிய மனசு பண்ணி மன்னித்து, தாலியும் கட்டினான்.

பெரியம்மாள் எழுந்து போனாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் கம்பெனி வாசலில் லாரி க்ளீனர் ஒருவன், “என்னாக்கா, கை எப்பிடி இருக்குது?” என்று சிரித்தான். அவன் பல்லை எண்ணிப் பார்க்கலாம் என்று எனக்கே கை துறுதுறுத்தது. அவள் கலியபெருமாளோடு பேசுவதை நிறுத்தினாள்.

அவன் மெட்ராசுக்குப் போனான். ஆபீசில் ஒருவன் அந்த ஆறு பக்கத்தைப் புரட்டி, கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிற வரியில் பென்சிலை வைத்துக் காட்டி, காபி வேண்டுமா என்று கேட்டானாம். திரும்பி வந்தவனின் கண்ணில் பீடி பற்றவைத்திருக்கலாம்.

நேராக தியேட்டர் ஆபரேட்டர் பூபாலனிடம் போனான். பூபாலன் ஒரு காலத்தில் எங்களோடு மண் குழைத்தவன்.

“கடைசி ரீலு போடறதுக்கு முன்ன நிறுத்து. நான் மேடையில ஏறி நெசமான முடிவச் சொல்றேன்.”

“மொதலாளி என் தோல உரிச்சிருவாரு மாமா.”

“உரிக்கட்டும். ஒனக்கு எருமத்தோலு, உரிக்கவே ஒரு வாரம் ஆவும்” என்று நான் தைரியம் சொன்னேன்.

“அஞ்சே நிமிஷம். எவனாவது சீட்டக் கிழிச்சான்னா படத்த ஓட்டிருவேன்” என்றான் பூபாலன்.

அன்று மேட்னி. திரை வெளுத்து நின்றது. கலியபெருமாள் லுங்கியை மடித்துக் கட்டி அதன் முன்னால் போய் நின்றான்.

“இனிமே வரப்போறது பொய்யி! நான்தான் கதைய எழுதினவன்!”

“யோவ் தள்ளுய்யா, ஹீரோயின் நீயா?” என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.

“அவ அழுவலடா! அறைஞ்சா! பளார்னு அறைஞ்சா!” என்று காற்றிலேயே அறைந்து காட்டினான். கூட்டம் விசிலடித்தது. அந்த அறையைப் பார்க்கவே மறுநாள் மங்கலம்பேட்டையிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். தியேட்டர் முதலாளி வந்து பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பூபாலன் தோல் பிழைத்தது.

மூன்றாம் நாள் மேட்னியில் அவன் கையை ஓங்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“நிறுத்துய்யா!”

பெரியம்மாள். கம்பெனிப் புடவையிலேயே வந்திருந்தாள், முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருந்தது.

“நான் எப்ப அறைஞ்சேன்?”

கலியபெருமாளின் ஓங்கிய கை அப்படியே நின்றது. “அது... கதைக்கோசரம்...”

“சினிமாக்காரன் அழ வெச்சான். நீ அறைய வெச்ச. வேலை தெரியாதவகூட அறையலாமே! அறைஞ்சா எங்கை சரின்னு ஆயிருமா? நான் செஞ்சத ஏன்யா ஒருத்தனும் சொல்ல மாட்டன்றீங்க?”

“சொல்லும்மா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“மறுநாளும் வேலைக்கு வந்தேன். சூப்பர்வைசரு வராதன்னான். வந்தேன். அதே அச்சு, அதே மண்ணு, நானூறு ஜாடி ஊத்தினேன். சூளை வெந்ததும் கதவுக்கு முன்னால உக்காந்துகிட்டேன். ஆறுறவரைக்கும் ஒரு செங்கல்ல ஒருத்தனத் தொட வுடல. லாரிக்காரன் கத்தினான், சூப்பர்வைசரு கத்தினான், உக்காந்திருந்தேன். அப்புறம் நானே பிரிச்சி, ஒண்ணொண்ணா எடுத்தாந்து மொதலாளி கண்ணு முன்னால சூப்பர்வைசரு மேசை மேல, நாற்காலி மேல, தரையில, வாசப்படி வரைக்கும் அடுக்கினேன். ஒண்ணுலகூட விரிசல் இல்ல. ‘அன்னிக்கு ஒடைச்சது கையா, அவசரமா?’ன்னு கேட்டேன். ஜாடியத் தாண்டி வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னான்யா அவன்!”

விசில் இல்லை. முறுக்கு கடிக்கிற சத்தம்கூட இல்லை. பூபாலனுக்கு அப்போதுதான் தன் வேலை ஞாபகம் வந்ததோ என்னவோ, ரீல் ஓடத் தொடங்கியது. கதாநாயகியின் அழுகை முகம் கலியபெருமாளின் சட்டை மேல் நெளிந்தது. பெரியம்மாள் அதைப் பார்க்க நிற்கவில்லை. கூட்டத்தில் பாதி அவள் பின்னாலேயே எழுந்து போனது.

அதற்குப் பிறகு கலியபெருமாள் மேடை ஏறவில்லை. ஒரு மாதம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். சினிமாக்காரனைத் திட்டினான், என்னைத் திட்டினான், ராத்தல் ராத்தலாகத் தன்னையே திட்டிக்கொண்டான். பிறகு அந்தக் கதையை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினான். மாத நாவல்காரர், அறை இல்லாவிட்டால் விற்காது என்று எழுதினார். சினிமாக் கம்பெனியிலிருந்து இன்னொருவர் அம்பாசிடரில் வந்து கேட்டுவிட்டு, “கடைசியில ஒண்ணுமே நடக்கலையே சார்” என்றார்.

“நானூறு ஜாடி நடந்துச்சேய்யா! எந்திரி மொதல்ல!” என்று கத்தினான். அவர் வண்டியில் ஏறியதை நான் பார்க்கவில்லை, புழுதியை மட்டும்தான் பார்த்தேன்.

எழுதியதை மத்தியானச் சோற்று நேரத்தில் பெரியம்மாளுக்குப் படித்துக் காட்டுவான். அவள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள்.

“இந்த எடம் பொய்யி.”

“எது?”

“‘கண்கள் சிவந்தன’ன்னியே. எனக்கெங்க செவந்துது? எனக்குத் தூக்கம் வந்துச்சி.”

அந்த வரியை அடித்தான்.

“சூளைய எத்தினி நாளு ஆற வுட்டன்னு எழுதியிருக்க?”

“ரெண்டு நாளு.”

“மூணு.”

“ஒரு நாளு முன்ன பின்ன இருந்தா என்னா குடியா முழுகிடும்?” என்று சீறினான்.

“அந்த ஒரு நாளுதான்யா மொத நானூறயும் ஒடைச்சிது” என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ‘இரண்டு’ மேல் கோடு போட்டான். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

“கிழிஞ்சா வேற தாள்ல எழுது” என்று அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.