மதலேனம்மாளுக்கு வந்த நீல ரிப்பன்

அடக்கப் பூசையில் சாமியார் எங்கள் அம்மாவை "மாதா சபையின் அன்பில் வாழ்ந்த தாய்" என்றார். அவர் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சபை எழுதிக் கொடுத்ததைப் படித்தார். அந்த அன்பு எப்படிப்பட்டது என்பதை நான் எழுதிவிடுகிறேன்.

வளவனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் அம்மா. நர்ஸ் படிப்பு முடித்து, 1943இல் பட்டாளத்தில் சேர்ந்தாள். அசாம் பக்கம் கூடார ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம். மழையில் கூடாரம் ஒழுகும்போது காயம்பட்டவர்களின் கட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டியதைச் சொல்வாள். வேறெதுவும் சொல்லமாட்டாள். கழுத்தில் ஜெபமாலையோடு போனவள் அதே ஜெபமாலையோடு திரும்பினாள். ஊர் பார்த்தது வேறு. மூன்று வருஷம் சோல்ஜர்களுக்கு நடுவில் இருந்தவள்.

விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்த்த அப்பா அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கட்டிக்கொண்டார். திண்டிவனத்தில் குடிவைத்தார். அம்மா அங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாள்.

எங்கள் பங்கில் மாதா சபைக்காரிகள் நீல ரிப்பனில் கோத்த மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவார்கள். சபைக்காரி ஒருத்தி செத்தால் சவத்துக்கு ரிப்பன் போட்டு, முன்னால் சபைக் கொடி போகும். குழிக்கருகே பெட்டியை மூடுமுன் தலைவி குனிந்து ரிப்பனைக் கழற்றிக்கொள்வாள். அடுத்தவளுக்கு வேண்டுமே.

அம்மா அந்த ரிப்பனைக் கேட்டாள். ஒவ்வொரு டிசம்பரிலும் மாதா திருநாளுக்கு முன்னால் ஒரு மனு. நாற்பது மனு. எட்டாம் தேதி புதிய பெயர்களைப் படிக்கும்போது கடைசி வரிசையில் நிமிர்ந்து நிற்பாள். படித்து முடிந்ததும் முழங்காலிடுவாள். வீட்டுக்கு வந்து கோழிக் குழம்பு வைப்பாள்.

தலைவி செங்கோல்மேரியின் மூன்று பிள்ளைகளும் அம்மா கையில்தான் விழுந்தன. "வலி வந்தா மதலேன் அக்கா கை வேணும். கோயில்ல அந்தக் கை ஆவாது" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அம்மா அவரை முறைத்தாள்.

லேசானவள் அல்ல அவள். மாலை ஜெபத்துக்குப் பிந்தி வந்தால் வாசல் சரளைமேல் முழங்காலிட வைப்பாள். கிழிந்த தலையணை, என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் காயத்துக்குப் போடும் இரட்டைச் சுற்று முடிச்சில்தான் தைப்பாள். "கத்திரி வச்சாத்தான் வரும்" என்பாள். அந்த முடிச்சை அக்கா பிலோமி கற்றுக்கொண்டாள். எனக்கு வரவில்லை.

போன ஜூலையில் படுத்தாள். கடைசி வாரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "செத்தப்புறம் அவளுங்க வந்து நின்னா, படியேறவுடமாட்டேன்" என்றாள்.

"வந்தா வெரட்டாத பிலோமி" என்றாள் அம்மா. "ரிப்பன் மாதாவோடது. அவளுங்களுது இல்ல. கொண்டாந்தா எனக்குப் போடு."

எழுபது வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு, அதையே கேட்டாள். எனக்கு அம்மாமீதே கோபம் வந்தது.

விடியும்போது போய்ச் சேர்ந்தாள். ஒன்பதரைக்கு முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஜீப் மலர்வளையத்தோடு வந்தது. கூடவே போட்டோக்காரர். பத்து மணிக்கு செங்கோல்மேரி வந்தாள், கையில் ரிப்பன், பின்னால் கொடி.

"இன்னாடி பிலோமி, சொல்லியே அனுப்பலியே. அக்கா எங்க சபையாச்சே."

"எந்த வருஷத்துலேர்ந்து?" என்றாள் அக்கா.

"சாமியாரு சேத்துக்கச் சொல்லிட்டாரு. சாவு வூட்டுல கணக்கு பேசிக்கினு. போட்டோக்காரரு நிக்கறாரு பாரு."

கோயில் உபதேசியார் சவுரிராயன், "உட்டுக் குடும்மா" என்றார்.

அக்கா கையை நீட்டினாள். "குடுங்க. துணி மாத்தணும், நானே போடறேன். எல்லாரும் வெளிய இருங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே நான் மட்டும் இருந்தேன். அம்மாவின் வெள்ளைப் புடவைமேல் ரிப்பனைப் போட்டு, மெடலை நேராக்கினாள். பிறகு தையல் பெட்டியிலிருந்து மெழுகு தடவிய நூலை எடுத்தாள். ரிப்பனையும் புடவையையும் ரவிக்கையையும் சேர்த்து, இடது தோளில் மூன்று தையல், வலது தோளில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சுற்று. என்னைப் பார்த்தாள். நான் கத்திரியை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

கல்லறையில் தூறல். பட்டாளத்துக் கிழவர்கள் சல்யூட் அடித்து முடித்தார்கள். பெட்டியை மூடுமுன் வழக்கப்படி செங்கோல்மேரி குனிந்தாள். ரிப்பனைத் தூக்கினாள். வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தாள். அம்மாவின் தோள்கள் பெட்டியிலிருந்து எழுந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்து, மூடிய கண்களோடு முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் கிட்டே வந்தது.

 போட்டோக்காரர் அதை ஒரு படம் எடுத்தார்.

செங்கோல்மேரி கையை விட்டாள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்கற? சபை சொத்துடி அது."

"மாதாவோடதாம்" என்றாள் அக்கா. "அம்மா சொன்னாங்க."

"யாராவது கத்திரி குடுங்க" என்று செங்கோல்மேரி சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை என்மேலும் பட்டது. எப்போதும்போல நான் தரையைப் பார்த்தேன். பாக்கெட்டில் கத்திரி தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

சவுரிராயன் மூடியைப் போடச் சொன்னார். ஆணி அடித்தார்கள். எட்டு ஆணி.

இந்த டிசம்பரில் பெயர் படித்தபோது சபைக்கு ஒரு ரிப்பன் குறைந்தது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு அன்று வெறும் கழுத்து. அக்காவும் நானும் கடைசி வரிசையில் நிமிர்ந்து நின்றோம். வீட்டுக்கு வந்து கோழிக் குழம்பு வைத்தோம்.