தண்ணீர் ஊற்றிப் பார்க்காத வண்டி

கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப் ஓடவில்லை என்று எந்தப் பழைய கார் வந்தாலும், என் மனைவி முதலில் பானட்டைத் திறக்கமாட்டாள். ஸ்டியரிங் பக்கத்தில் தண்ணீர் அடிக்கிற லீவரை இழுக்கச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்துக்கு மேலே காதை வைப்பாள். உய்ங் என்று கேட்டால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பார்ப்பாள், ஒயரைப் பார்ப்பாள், அப்புறம்தான் பம்ப். எடுத்த எடுப்பில் பம்பை மாற்றுகிறவர்களை அவள் திட்டுகிற திட்டு இருக்கிறதே, காது கொடுத்துக் கேட்க முடியாது. பட்டறையின் மறுபாதியில் கார் சீட் தைக்கிற நான் தினமும் கேட்கிறேன்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் அடித்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விடக்கூடாது. சீட் தைக்க வந்த வண்டியானாலும் சரி.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்சிக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பன்னிரண்டு வருஷமாக வருகிறவர். அவளைத் தங்கச்சி என்பார். என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு வாருவார். அன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்‌ஷன்ல கண்ணாடிக்குத் தண்ணி வரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்குக் கடைசி நாள். ஒரு மணிக்குள்ள காட்டலன்னா பர்மிட் போச்சு. வழியில ஒருத்தன் பம்பை மாத்தினான், அப்பவும் வரல."

"அவனுக்கு வேற என்ன தெரியும்? தள்ளுங்கண்ணே."

காதை வைத்தாள். உய்ங். சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை விட்டு, பம்பிலிருந்து டியூப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"பம்ப் ஜம்முனு ஓடுது. கோளாறு மேலதான்."

பானட்டைத் தூக்கி, டியூப்பைத் தடவிக்கொண்டே போனவள் பாதியில் நின்றாள். அங்கே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வால்வு. தண்ணீரை ஒரு பக்கமாகத்தான் விடும். எந்தப் பக்கம் என்று அதன்மேலேயே அம்புக்குறி இருக்கும். அம்பு கண்ணாடியைப் பார்க்காமல் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் வெடித்துப்போன டியூப்பை மாற்றி, அந்த வால்வை மாட்டியது சாட்சாத் இவளேதான். அன்றைக்குப் பட்டறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அவருக்கோ அவசரம். "போற வழியில ஊத்திக்குங்கண்ணே" என்று அனுப்பிவிட்டாள். துணியால் துடைத்தே பழகிய மனுஷர் லீவரைத் தொடவே இல்லை.

எனக்குப் பகீரென்றது. டாக்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி மாட்டிவிட்டு அடைப்பு எடுத்தாச்சு என்றால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது? பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினேன். அவள் முறைத்த முறைப்பில் ஊசியை என் விரலிலேயே குத்திக்கொண்டேன்.

"அண்ணே, இது நான் பண்ண தப்பு. வால்வைத் திருப்பிப் போட்டிருக்கேன். ஊத்திப் பாக்காம விட்டுட்டேன். புதுப் பம்பே தேவையில்ல."

அவர் முகம் சிவந்தது. "ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே தங்கச்சி! என் பொழப்புல விளையாடிட்டியே!"

"ஆமாண்ணே."

அவ்வளவுதான், ஒரு சால்ஜாப்பும் சொல்லவில்லை. அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் சண்டைக்குப் போகிற ஆள். அன்றைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் வாளியைத் தூக்கி வந்தேன். அவள் வால்வைத் திருப்பி மாட்டினாள். தண்ணீர் ஊற்றி, மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். கையைக்கூடத் துடைக்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"அங்க ஏதாவது சொன்னா நான்தானே சரி பண்ணணும்? வண்டிய எடுங்க."

நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் லீவரை இழுத்தார். இரண்டு பக்கமும் சர்ரென்று அடித்து, கண்ணாடியே நனைந்துபோனது.

"காலைல செத்துக் கெடந்துச்சே. யாருய்யா சரி பண்ணது?"

டாக்சிக்காரர் அவளைப் பார்த்தார்.

"நம்ம தங்கச்சிதான் சார். நேரா இவகிட்ட போகாம வேற ஒருத்தன் கையில வண்டியக் குடுத்தேன் பாருங்க, அது என் தப்பு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், மணியாகுது, பேப்பர்ல சீல் குத்துங்க" என்றாள்.