வானத்தில் வாயை மூடச் சொன்ன டீச்சர்

ஆளில்லாத வகுப்பில் பல்ப் எரிந்தால், பள்ளி அதிபரையே திருப்பி அனுப்பி அணைக்க வைப்பவர் எங்கள் விஞ்ஞான டீச்சர் ஷாமிலா. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தின் லய வீட்டில் பிறந்து வளர்ந்தவர். சரியான பிடிவாதக்காரி. தமிழ் படிப்பிக்கும் எனக்கும் அவருக்கும் சண்டை வராத வாரமே கிடையாது.

பல்கலைக்கழகக் கூட்டாளிகளோடு சேர்ந்து, அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக அவர் ஒரு குட்டிச் செய்மதி செய்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். போன வருஷக் கடைசியில் அது ராக்கெட்டில் மேலே போய்ப் பூமியைச் சுற்றத் தொடங்கியது. அதன் மின்சாரத்துக்கு இவர்தான் பொறுப்பு. வெயில் பக்கம் சுற்றும்போது சோலார் தகடு பேட்டரியை நிரப்பும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டால், நிரம்பியதை வைத்தே ஓட்ட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனுஷிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

அதில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் குரலையும் பதிந்து அனுப்பியிருந்தார். சித்திரை வருஷப்பிறப்பு கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதைக் கேட்பதாக ஏற்பாடு. கொட்டகை போட்டு, லவுட்ஸ்பீக்கர் கட்டி, தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தது நான்.

அதற்கு முதல் நாள் டீச்சர் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"குரலை நிப்பாட்டிட்டேன் சேர்."

பேட்டரி நினைத்ததைவிடப் பலவீனமாம். நிழலை விட்டு வெளியே வரும்போதெல்லாம் முந்தின சுற்றைவிட இறங்கியிருக்கிறதாம். குரலை ஒலிபரப்பத்தான் ஆகக் கூடிய மின்சாரம் போகிறது, இப்படியே விட்டால் செய்மதி செத்துப்போகும் என்றார்.

"நாளைக்கு மட்டும் விடுங்களேன்!" என்று கத்தினேன்.

"நாளைக்கே செத்துட்டா என்னங்க செய்வீங்க?"

ஞாயிறன்று கூடிவிட்ட கூட்டத்துக்கு லவுட்ஸ்பீக்கரில் செய்மதியின் வெறும் கீச் கீச் சிக்னல்தான் கேட்டது. கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா எழுந்தார். அவர் மகன் பிரதாப்பின் குரலும் மேலே இருந்தது.

"எங்க புள்ளைங்க பேசுனாத்தான் கரண்டு தீந்துருமா டீச்சர்? கீழதான் எங்கள யாரும் பேச விடல. மேலயுமா?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம லயத்துல ரெண்டு வீட்டுல ஒண்ணா கரண்டு கேத்தல் போட்டா என்னாகும் அக்கா?"

"கரண்டு போகும்."

"யாராச்சும் போயி சுவிட்ச தூக்கி விடுவோம். அங்க தூக்கி விட யாரு இருக்கா?"

பேச்சியம்மா மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று டீச்சரோடு நான் பேசவில்லை. அவர் தினமும் செய்மதியைக் கேட்டு, பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாய்த் தேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் வந்தது. எங்கள் பக்கம் விடாத மழை, சூரியனைக் கண்ட ஞாபகமே இல்லை. நனைந்த குடையோடு டீச்சர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்.

"சேர், அது சுத்துற பாதை திரும்பியிருச்சு. இப்போதைக்கு நிழலுக்குள்ளயே போகாது. கொஞ்ச நாளைக்கு முழு நேரமும் வெயில்தான்!"

குரலைத் திறந்துவிடும் கட்டளையை அனுப்பினார். செய்மதி எங்கள் தலைக்கு மேலே வருவதோ காலையில், வேலைக்குப் போகிறவர்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டு நேரத்தில். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் கெஞ்சிக் கொஞ்ச நேரம் வாங்கினேன். பெரட்டுக் களத்தில் டீச்சர் ஏரியலைத் தூக்கிப் பிடிக்க, நான் ரேடியோவுக்குக் குடை பிடித்தேன்.

முதலில் ஒரே இரைச்சல். பிறகு தெளிவாக வந்தது:

"வணக்கம். என் பேரு பிரதாப். அக்கரப்பத்தனையிலேருந்து பேசுறேன்."

அடுத்து இன்னொரு பிள்ளை, அடுத்து இன்னொன்று. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. கண்டாக்கு ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நின்றார்.

பேச்சியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ரேடியோவைப் பார்த்தார், மழை கொட்டும் வானத்தைப் பார்த்தார், டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் டீச்சர், நிப்பாட்டுங்க. பேட்டரி எறங்கிடப் போவுது."