லெயோனி போட்ட விலை

போன வாரம் தலையணை வாங்கத் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஏறியதுதான் தாமதம், அடுக்கடுக்காகத் தும்மல். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். தும்மித்தான் கண் கலங்கியது என்று நினைத்திருப்பார். நானும் விட்டுவிட்டேன். செத்துப்போன சிநேகிதியின் கதையைத் தலையணைக் கடையில் நின்றுகொண்டா சொல்ல முடியும்? உங்களிடம் சொல்கிறேன்.

லெயோனி எங்கள் ஊரில் உப்பளம் பகுதியில் குடியிருந்தாள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அவர் இறந்தபின் அவளும் தம்பியும்தான். துணிப் பொம்மை செய்வாள். பொம்மை என்றால் அவளுக்குக் கோபம் வரும், பிரெஞ்சில் 'பூப்பே' என்றுதான் சொல்ல வேண்டும். தையல்கடைத் துண்டுத் துணி, உள்ளே இலவம்பஞ்சு, கண்ணுக்குப் பொத்தான். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் சாக்கு விரித்து இருவரும் உட்காருவோம். எனக்கு ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த திமிரில், விலை போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

"துணி, பஞ்சு, நூலு, ஆட்டோ காசு. உன் கூலியும் சேத்தா எரநூத்தம்பது வருது."

"அட போடி. இந்தப் பூப்பே இருக்காளே, இவளுக்கு மூவாயிரம் போடு."

"மூவாயிரமா! எந்த மவராசன் வாங்குவான்?"

"வாங்கக்கூடாதுன்னுதான்டீ போடச் சொல்றேன்."

அதுதான் அவள் வழக்கம். மனசுக்குப் பிடித்துப்போனதற்கு யாரும் தொடமுடியாத விலை. ஆனாலும் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டிலேயே கிடந்தால் அதுங்களுக்கு போரடிக்குமாம்! ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் பச்சை கவுன் போட்ட ஒன்றுக்குப் பேரமே பேசாமல் மூவாயிரத்தை எடுத்து நீட்டிவிட்டார். இவள் முகம் செத்துப்போயிற்று. பொம்மையை மடியில் இறுக்கிக்கொண்டு பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

"இன்னாடி சொன்ன?"

"ஏற்கனவே வித்துப்போச்சின்னேன்."

அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாட்டுக்கே காசு தேறவில்லை. வீடு போய்ச் சேரும்வரை நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் தம்பியையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, புற்று முற்றிவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்றார். அவளிடம் அல்சர் என்று சொன்னோம். "அக்காவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உசுர வுட்டுடும். சொல்லிடாதீங்க" என்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்க அவள் எதிரில் ஓயாமல் தொணதொணத்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷமாக விற்காமல் வைத்திருந்ததையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். விலைச்சீட்டு எழுதச் சொன்னாள்.

"பச்சை கவுன்காரிக்கு எவ்ளோ?"

"நூறு."

"மூவாயிரத்துக்கே குடுக்காதவளாச்சே நீ!"

"எல்லாத்துக்கும் நூறு போடு."

"பைத்தியமாடி? துணிக்கும் பஞ்சுக்குமே கட்டாது!" கணக்குக்காரி புத்தி, சண்டைக்கே போய்விட்டேன்.

"நான் இருக்கறப்பவே ஒரு எடம் போயி சேரட்டும்டீ எல்லாம்."

அவசரமாக, "அல்சருக்கு யாராச்சும் இப்பிடிப் பேசுவாங்களா?" என்றேன்.

"சரிடி. அல்சர்தான்" என்று சிரித்தாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள், பாவி. எல்லாச் சீட்டிலும் நூறு என்றே எழுதினேன்.

மறுநாள் நான் மட்டும் சந்தைக்குக் கொண்டுபோனேன். மதியத்துக்குள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. நூறு ரூபாய்க்கும் ஒரு அம்மா பேரம் பேசி எழுபதுக்குக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் லெயோனி கேட்டாள், "பச்சை கவுன்காரி?"

"ஒரு சின்னப் பொண்ணு. கீழவே வுடாம கட்டிப் புடிச்சிக்கினு போச்சி."

கண்ணை மூடிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. தம்பி பிரான்சுக்குப் போய்விட்டான். வீடு இருந்த இடத்தில் இப்போது ஏதோ லாட்ஜ். சந்தையில் எங்கள் இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவள் கையால் செய்தது ஒன்றுகூட என்னிடம் இல்லை. நூறு ரூபாய்தானே, ஒன்றை நீ எடுத்து வைத்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். எடுத்திருந்தால், அவள் சாகத்தான் போகிறாள் என்று நானே அவளிடம் சொன்ன மாதிரி ஆகியிருக்குமே. அதனால் கடைசி ஒன்றையும் விற்றுவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.